வொய் என்ற ஊருக்கு ஐந்து மைல்

அரிசோனாவின் தெற்கு ஓரத்தில்
வொய் என்று ஓர் ஊர்.
‘ஏன்’ என்று அர்த்தம்.
பெட்ரோல் போட ஓர் இடம், தபால் பெட்டிகள் ஒரு வரிசை.
அங்கிருந்து ஐந்து மைலில்
என் வீட்டை நிறுத்தியிருக்கிறேன்,
சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து.

கூரையில் மூன்று சூரியத் தகடுகள்.
தொட்டியில் நாற்பது கேலன்.
பாத்திரம் கழுவினால் முப்பத்தெட்டு.
தலைக்குக் குளித்தால், கேட்காதீர்கள்.

காலை ஏழுக்கு வேலை,
சிகாகோவில் அப்போது எட்டு.
விமானத்தில் தொலைந்த பெட்டிகளுக்கு
விலை போடுகிறேன்.
இந்த இடத்தில் சிக்னல் இரண்டு கோடு.
வண்டியைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு கோடு.
ஆகவே மலை தெரியும் ஜன்னல்
எனக்கு முதுகுப் பக்கம்.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்,
“நோரீன், பின்னால் தெரிவது நிஜமா, படமா?”
திரும்பினேன்.
சகுவாரோ ஒன்று கையைத் தூக்கி நின்றது,
தனக்கும் பேச வாய்ப்புக் கேட்டு.
“நிஜம்” என்றேன்.
மைக் அணைந்திருந்தது.

அடுத்த வண்டி வெர்லினுடையது.
அடுத்த என்றால் முந்நூறு கெஜம்.
முப்பது வருடம் மின்கம்பம் ஏறியவர்,
இப்போது கம்பி இல்லாத இடமாய்த் தேடித் தேடி நிறுத்துகிறார்.
மாலையானால் நாற்காலி போட்டு
மலையைப் பார்ப்பார்.
காபி எடுக்க உள்ளே போகும்போது
என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்:
“ஏதாவது நடந்தால் சொல்.”

வெள்ளிக்கிழமை அஹோவிலிருந்து
செலஸ்டினோ தண்ணீர் கொண்டுவருவார்.
குழாயைச் செருகிவிட்டுக் கேட்பார்,
“இந்த வாரம் என்ன பார்த்தாய்?”
பதினோரு பச்சைப் பெட்டி,
நாலு கிதார்,
யாரோ ஒருவரின் பல்செட்.
“ஒன்றும் பார்க்கவில்லை.”
அவர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்
“ஞாயிறு போ” என்றார். “வெயில் ஏறுமுன் போ.”

போனோம், வெர்லினின் டிரக்கில்,
எலும்பெல்லாம் இடம் மாறும் மண்சாலையில்.
ஆர்கன் பைப் கள்ளிகள்
உள்ளங்கை இல்லாமலே விரல் விரலாய் முளைத்திருந்தன.
படம் எடுக்க இறங்கியவள் காலுறையில்
சோயா முள்ளுருண்டை ஒன்று தொற்றிக்கொண்டது.
கையால் எடுக்கப் போனேன்.
“தொடாதே, கைக்கு மாறிவிடும்” என்று
சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார்.
முடியே இல்லாத மனிதர்.
சீப்பு எதற்கு என்று அன்றுதான் புரிந்தது.

அப்புறம் ஒரு திருப்பத்தில்
உயரக் கம்பத்தில் நீலக்கொடி.
அடியில் ஒரு பீப்பாய்.
ஸ்பானிய மொழியில் ‘தண்ணீர்’ என்று எழுதியிருந்தது.
வெர்லின் இறங்கிப் போய்
கதவைத் தட்டுவது போல் அதைத் தட்டினார்.
“பாதி இருக்கு.”
யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை,
எல்லைக்கு எத்தனை மைல் என்று நானும் கேட்கவில்லை.

பீப்பாய்க்குப் பின்னால் ஒரு பை.
பள்ளிக்கூடப் பிள்ளை அளவு.
என்ன நிறம் என்று வெயில் சொல்லவிடவில்லை.
ஜிப் திறந்து கிடந்தது.
உள்ளே பல்துலக்கி, ஒற்றைக் காலுறை,
எண்கள் வெளிறிய ஒரு துண்டுக் காகிதம்.
பழக்கம் விடவில்லை, மனம் கணக்குப் போட்டது:
பை பன்னிரண்டு டாலர், தேய்மானம் கழித்து நாலு,
பல்துலக்கி ஒன்று,
காகிதம்
காகிதத்தில் நின்றுவிட்டது.

கிடந்த இடத்திலேயே விட்டு வந்தோம்.
திரும்பும் வழியில் வெர்லின்
ரேடியோ போடவில்லை.

திங்கட்கிழமை முதல் மனு,
டென்வரில் பனிச்சறுக்குக் கட்டை தொலைத்தவர்.
கோபமாய், விவரமாய் எழுதியிருந்தார்.
கேட்டதைக் கொடுத்தேன்.

மதியம் கட்டைகளை உருவி
வண்டியைத் தெற்குப் பார்க்கத் திருப்பினேன்.
ஒரு கோடு.
மூன்று மணிக் கூட்டத்தில்
“நோரீன், உறைந்துவிட்டாய்” என்றார்கள்.
வாய் பாதி திறந்தபடி திரையில் நான்.

ஜன்னலில் புழுதி, கிரியோசோட் புதர்,
அதற்கப்பால் இன்னும் புதர்.
வெர்லின் காபிக்குப் போயிருக்கிறார்.
ஏதாவது நடந்தால்
நான்தான் சொல்ல வேண்டும்.